நான்காம் எண் பெல்ட்

பூமிக்கடியில் ஹைருதின் சாக்பீஸால் எழுதுவது
என்னிடம் வந்து சேரப் பத்தொன்பது நிமிடம்.
மலையைத் துளைத்து, ஆற்றின்மேல் தகரக் கூரைக்குள் ஊர்ந்து,
அனல்நிலைய வாசலில் நான் நிற்கும் மேடைக்கு
நான்காம் எண் பெல்ட் கொண்டுவரும்.

கரியல்லாததைப் பொறுக்குவது என் வேலை.
முட்டுக்கட்டைச் சிம்பு, ரப்பர் துண்டு,
ஒருமுறை யாருடையதோ பல்செட்.
இரும்பைக் காந்தம் பார்த்துக்கொள்ளும்.
மற்றதற்கு நானும் ஒரு கொக்கியும்.

எழுத்து எப்போதாவதுதான்.
தட்டையான கட்டி சிக்க வேண்டும்,
ஃபோர்மேன் முதுகு திருப்ப வேண்டும்.
“உப்பு தீர்ந்துவிட்டது.”
“உன் அண்ணன் மறுபடி கடன் கேட்டான்.”
ஒருநாள் மீசை வைத்த மீன்;
ஏனென்று இன்றுவரை தெரியாது.
கல்யாண நாளன்று 11 என்று எழுதியிருக்கிறான்,
ஈரத்தில் பாதி அழிந்து 1 வந்தது.
வாசித்து முடிப்பதற்குள் நொறுக்கியில் விழும்.
அப்புறம் சாம்பல்.
துஸ்லாவில் யாரோ அதில் சட்டை தேய்ப்பார்கள்.

நான் பதில் எழுத முடியாது.
பெல்ட்டுக்கு ஒரே திசை.

பிப்ரவரி, இரண்டாம் ஷிஃப்ட்.
அடுத்தடுத்து மூன்று கட்டிகள்:
“ஸ்டுட்கார்ட் வேலை கிடைத்துவிட்டது.”
“நாளை கையெழுத்து.”
“வேண்டாமென்றால் பெல்ட்டை நிறுத்து.”

தோளுயரத்தில் சிவப்புக் கயிறு.
இழுத்தவர் நோட்டில் காரணம் எழுத வேண்டும்.
கடனை நினைத்தேன்.
அவன் இருமலை நினைத்தேன்.
கட்டில் முழுக்க எனக்கே என்பதையும் நினைத்தேன்,
பொய் சொல்வானேன்.
கை கயிற்றில்.
இழுக்கவில்லை. விடவுமில்லை.

பெல்ட் நின்றது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்
ஏதோ உருளையில் பேரிங் போய்விட்டதாம்.
ஸ்லவ்கோ மேலேறி வந்து
யாரைத் திட்டுவதென்று தெரியாமல் பெல்ட்டைத் திட்டினான்.
மூன்றாவது கட்டி கைக்கெட்டும் தூரத்தில்
அசையாமல் கிடந்தது.
‘நிறுத்து’ என்ற இடத்தில்
சாக்பீஸ் முறிந்து மறுபடி தொடங்கியிருந்தது.
ஸ்லவ்கோ பார்ப்பதற்குள்
கொக்கியால் அதைப் புரட்டிப் போட்டேன்.

இரவு, குளித்தும் போகாத கருப்பு இமையோரத்தில்.
மடித்த தாளை அடுப்புக்குள் போட்டான்.
“நிறுத்துவாய் என்று தெரியும்,” என்றான்.
“ஆனால் நாற்பது நிமிடமா!
கீழே எல்லோரும் தலையில் கை வைத்துவிட்டார்கள்.”
சிரிப்பில் அவனுக்கு இருமல் வந்தது.

தட்டை அவன் பக்கம் நகர்த்தி
உப்பு போதுமா என்று கேட்டேன்.