நாலு அங்குலம்

பொதட்டூர்பேட்டையில் எனக்கு
ஒரே ஒரு அறை பேசாமல் இருக்க வேண்டும்.
பத்துக்கு எட்டு. முன்பு நூல் குடோன்.
இரண்டு பக்கமும் தறி.

கைதட்டிப் பார்த்தேன்.
ஒரு தட்டலுக்கு மூன்றாகத்
திருப்பிக் கொடுத்தது சுவர்.

முட்டைக் கடைக்காரர்
அட்டைத் தட்டு நூறு சும்மாவே தந்தார்,
ஸ்டூடியோவில் இதைத்தான் ஒட்டுவார்களாம்.
ஒட்டினேன்.
கீச்சுக் குரல் கொஞ்சம் மழுங்கியது.
கட்டைக் குரல் காலாட்டிக்கொண்டு
அங்கேயே உட்கார்ந்திருந்தது.
பல்லிகளுக்கு மாடி வீடு கிடைத்தது.

தெர்மாகோல் கொண்டுவந்தார் ஆசாரி தேசையா.
வெயிலுக்கு ஆகும் அது.
காற்றே நுழையாத பொருளுக்குள்
சத்தம் எப்படி நுழையும்?

அப்போது பிடிபட்டது ஒரு சோதனை.
எதுவானாலும் வாயில் வைத்து ஊது.
மூச்சு முட்டிக்கொண்டால் வேண்டாம்.
தடையே இல்லாமல் போனாலும் வேண்டாம்.
திணறித் திணறி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால்
வாங்கு.

கடைத்தெரு முழுக்க ஊதினேன்.
தேங்காய் நாரில் சுலபமாகப் போனது.
கார் சீட்டு ஸ்பஞ்சில் திரும்பி முகத்தில் அடித்தது.
இலவம்பஞ்சு சரியாகத்தான் திணறியது,
ஆனால் மாதம் ஒன்றானால் அடியில் இறங்கிவிடும்,
மேலே வெறும் உறை.
"பிச்சிதி" என்றான் ஒரு பையன்,
எனக்குத் தெலுங்கு தெரியாதென்று நினைத்து.

கண்ணாடிக் கம்பளி ஒரு சுருள் வந்தது.
நல்ல சரக்குதான். பொய் சொல்ல மாட்டேன்.
தேசையாவின் முழங்கை இரண்டு நாள் அரித்தது,
மூன்றாம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை.
பாறைக் கம்பளிக்கு விலை கேட்டேன்.
கேட்டதோடு சரி.

நகரி பஸ் ஏறி
மெத்தைக் கடை மஸ்தானிடம் போனேன்.
"தூதியா, வேஸ்டா?"
மூட்டையை அவிழ்த்தார்.
தறியில் விழுந்த கழிவை
மெஷினில் கிழித்துப் பிசிறாக்கி அமுக்கியது,
லுங்கி நீலம், லுங்கிப் பச்சை, நடுவே ஆரஞ்சு.
கிலோ இருபத்திரண்டு.
ஊதினேன்.
திணறியது.

தீப்பிடிக்காமலிருக்க போராக்ஸ் கரைத்துத் தெளித்து
மொட்டை மாடியில் மூன்று வெயில்.
"ரெண்டு அங்குலம் போதாதாம்மா?"
கட்டைக் குரலுக்கு இடம் நிறைய வேணும், தேசையா.
நாலு அங்குலச் சட்டம், பின்னால் விரல்கடை இடைவெளி,
மேலே காடாத் துணி.
பன்னிரண்டு பலகை.

கைதட்டினேன்.
தட்டல் கையிலேயே நின்றது.

தறி மட்டும் நிற்கவில்லை.
பலகை எதிரொலியைத் தின்னும்,
பக்கத்து ஷெட்டைத் தின்னாது.
அதற்குக் கனமான சுவர் வேண்டும்.
பாடப் புத்தகத்தில் படித்ததுதான்.
பஞ்சு வாங்கும் ஆசையில் படிக்காததுபோல் இருந்தேன்.

எனவே வாசலில் எழுதினேன்:
மாதாந்திர மின்தடை அன்று மட்டும்
காது பரிசோதனை.

என் கருவி பேட்டரியில் ஓடும்.
அன்று அவர்களுக்கும் வேலை இல்லை.

முதலில் வந்தவர் முனிரத்தினம்.
ஐம்பத்தொன்று. முப்பது வருஷம், நாலு தறி.
ஹெட்போன் மாட்டினேன்.
கேட்டால் விரலைத் தூக்குங்க.
ஐந்நூறுக்குத் தூக்கினார்.
ஆயிரத்துக்கு யோசித்துத் தூக்கினார்.
நாலாயிரத்தில் கூட்டினேன், இன்னும் கூட்டினேன்.
விரல் முழங்காலிலேயே இருந்தது.

பிறகு நான் எதுவும் அனுப்பாதபோது
தூக்கினார்.
மறுபடி. மறுபடி. சீராக.

நான் பேனாவோடு நின்றேன்.
அவர் இடது கை
பலகையின் தையலில் துருத்திய பிசிறொன்றை உருவி
இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தது.
"அறுபதாம் நம்பர்" என்றார்,
நான் கேட்காமலே,
அறைக்குத் தேவையானதைவிடச் சத்தமாக.