தண்ணீர் கொதிக்கும் முன்

கெட்டிலுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

ஸ்கிர்மான்டே காலையில் வந்ததும்
கோட்டைக் கழற்ற மாட்டாள்.
பில்டை ஓடவிடுவாள்,
அப்புறம் கெட்டிலில் தண்ணீர் பிடிப்பாள்.
அது கொதித்து, லிண்டன் பூ ஊறி,
தேன் கரண்டியை அவள் நக்கி முடிக்கவும்
டெஸ்ட் ரிப்போர்ட் வரவும் சரியாக இருக்கும்.
பதினோரு நிமிடம்.
கிளைபெடாவில் எங்கள் அறைக்கு
வேறு கடிகாரம் இல்லை.

மார்ச்சில் அது கெட்டது.
தண்ணீர் முணுமுணுக்கக்கூட ஆரம்பிக்கவில்லை,
அதற்குள் திரை பச்சை.
புது மெஷின், கொடுத்த காசுக்கு ஓடுகிறது
என்றார் மேலாளர் போவிலாஸ்.
நம்பினோம்.
சிவப்புக்குத்தான் காரணம் கேட்பார்கள்,
பச்சைக்கு யார் கேட்கிறார்கள்?

நாங்கள் எழுதுவது
காயலைக் கடக்கும் ஃபெர்ரிக்கான கணக்கு:
எந்த லாரி எந்தப் பக்கம் நின்றால்
எந்தத் தொட்டியில் எத்தனை டன் நீர் ஏற்றுவது என்று.
வெள்ளிதோறும் ரிப்போர்ட்டைத் தாளில் எடுத்து
இரண்டு பேர் கையெழுத்திட்டு
கோப்பில் குத்திவைப்போம்.
கப்பல் ஆய்வாளர் யட்விகா அம்மையாருக்குத்
திரைமேல் நம்பிக்கை கிடையாது.

நான்காம் வாரத் திங்கள்.
ஜன்னலில் ஈரப்பனி.
ஸ்கிர்மான்டே கெட்டிலின் முன்னால் நின்று
"பதினோரு நிமிட வேலை மூன்று வினாடியில் முடிந்தால்
வேலை நடந்ததா,
வேலைக்காரன் வாசலோடு திரும்பிவிட்டானா?"
என்று அதனிடமே கேட்டாள்.
கோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.
பச்சைப் பட்டைக்குக் கீழே
நாங்கள் யாரும் இறங்காத வரிவரை
இறங்கினாள்.

தோல்வி: 0
பிழை: 0
தவிர்த்தவை: 0
ஓடிய டெஸ்ட்: 0

வெற்றி.

கேள்வித்தாளே கொடுக்காமல்
வகுப்பு முழுக்கத் தேறியிருந்தது.

பில்டின் மேல் குற்றமில்லை.
போகச் சொன்ன ஃபோல்டருக்குப் போயிருக்கிறது.
வீடு காலி.
யாரும் எந்தக் குறையும் சொல்லவில்லை என்று
உள்ளதை உள்ளபடி
எழுதிக்கொண்டு வந்திருக்கிறது.

ஃபோல்டருக்குப் பெயர் மாற்றியவன் நான்.
ஒரே எழுத்து. பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமே என்று.
சொல்ல வாயைத் திறந்தேன்;
அவள் திரையில் அது ஏற்கெனவே இருந்தது:
ரிமன்டாஸ், பிப்ரவரி இருபத்தெட்டு,
மாலை நாலு நாற்பத்தாறு.

அவள் அந்த எழுத்தைத் திருத்தினாள்.
கூடவே ஒரு வரி சேர்த்தாள்,
எதுவும் ஓடாவிட்டால் அதுவும் தோல்விதான் என்று.
பதினோரு நிமிடம் யாரும் பேசவில்லை.
கெட்டில் விசிலடித்தது. நான்தான் போய்
பூவைப் போட்டேன்.

ஓடியவை ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
நாற்பத்தொன்று சிவப்பு.

"அப்பாடா" என்றாள்.
கோட்டைக் கழற்றினாள்.
சொல்லாமல் போயிருந்த ஒருவன்
வாசலிலிருந்தே திட்டிக்கொண்டு
வீடு திரும்பியது போல் இருந்தது எங்களுக்கு.

முதல் சிவப்பின் பெயர்:
காலிக்_கப்பலும்_மிதக்க_வேண்டும்.
வேலையை விட்டு ஓஸ்லோ போய்விட்ட எய்மன்டாஸ்
என்றோ எழுதிவைத்தது.
லாரி இல்லை, ஆள் இல்லை, எடை பூஜ்யம்;
பூஜ்யத்தால் வகுக்கப் போய்
நின்ற இடத்தில் நின்றுவிட்டது
மார்ச்சில் நாங்கள் மாற்றிய கணக்கு.
குளிர்கால இரவில் கடைசி ஃபெர்ரி
பெரும்பாலும் காலியாகத்தான் திரும்பும்.
வியாழனன்று இது கப்பலேறியிருக்கும்,
கூடவே எங்கள் மானமும்.

கோப்பில் மூன்று வெள்ளிக்கிழமைகள்,
மூன்றும் பச்சை, மூன்றிலும் கையெழுத்து.
கிழித்துவிட்டுப் புதிதாக எடுக்கலாமா என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
ஒவ்வொரு தாளின் குறுக்கேயும்
பேனாவால் எழுதினாள்:
இன்று யாரும் எதையும் கேட்கவில்லை.
கீழே தன் பெயர்.
பேனாவை என்னிடம் நீட்டினாள்.

வெள்ளியன்று யட்விகா அம்மையார் வந்தார்.
அந்த மூன்று தாளில் வெகுநேரம் இருந்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஒன்பது வருடத்தில்
இந்த மூன்றைத்தான் முழுக்கப் படித்திருக்கிறேன்" என்றார்.

தேநீர் தரட்டுமா என்றேன்.
கொஞ்சம் நேரமாகும் என்பதையும் சொன்னேன்.