சூடேறினால் மட்டும்

காலையில எடுத்தா ஒரு கரைச்சலும் இல்ல, என்றார்.
கல்முனையில நிப்பாட்டி, மீன் வாங்கி,
திரும்ப எடுக்கக்குள்ளதான்
என்ஜின் கத்துது, கார் போகுதில்ல.
பிறகு பின்னாலிருந்து ஒரு உதை.

பெயர் சிவநேசமலர். துறைநீலாவணை.
ஆஸ்பத்திரியில் மருந்து எண்ணிக் கொடுக்கிறவர்.
நோயையும் எண்ணிக்கொண்டே வந்திருந்தார்:
ரெண்டுக்கும் மூண்டுக்கும் இடையில.
ஒண்டரை செக்கன்.
நாளைக்கு நாலு தரம்.

தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கொரோலா, ஓட்டோ கியர்.
மீற்றரில் மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம்.
பிரேக் மிதியின் ரப்பரில் ஒரு குதிக்காலின் பள்ளம்,
அவருடையது இல்லை.

எடுத்த எடுப்பில் எதையும் கழற்றமாட்டேன்.
ஓட்டிப் பார்ப்பேன்.
இந்தக் கரையில் ஏற்றம் என்றால் பாலம்தான்,
மற்றதெல்லாம் உள்ளங்கை.
ஏசியைப் போட்டுக்கொண்டு கல்லாற்றுக்குப் போனோம்
எண்ணெய் நன்றாகக் கொதிக்கட்டும் என்று.
பாலம் முதுகு தூக்கிய இடத்தில்
ஊசி மூவாயிரத்தைத் தாண்டி எழும்பியது.
கார் எழும்பவில்லை.
கீழே ஒரு தோணிக்காரர் கம்பை ஊன்றினார்;
சேறு அவருக்குப் பிடி கொடுத்தது.

“இதான், இதான்!” என்றார்
கூப்பிட்டதும் நோய் வந்த சந்தோசத்தில்.

கராஜில் என்ஜினை அணைக்காமல்
கியர்த் தடியை மேலும் கீழும் நடத்தினேன்,
ஒவ்வொரு எழுத்திலும் ஒரு மூச்சு நின்று.
பிறகு அளவுக்கம்பியை இழுத்து
வெள்ளைச் சீலையில் துடைத்தேன்.
சிவப்பாக இருக்க வேண்டியது
நேற்றைய தேயிலைச் சாயம்.
மணந்தால் தீய்ந்த ரப்பர், கொஞ்சம் பிண்ணாக்கு.
விரல்களுக்கிடையில் தேய்த்தேன். மினுக்கம் இல்லை.
இரும்பு இன்னும் இரும்பைத் தின்னத் தொடங்கவில்லை,
கிளச்சுத் தட்டுகள்தான் மாவாகியிருக்கின்றன.

“எண்ணெய மாத்தினா சரிவருமா?”

எல்லாரும் கேட்கிற கேள்வி.
தேய்ந்து விழுந்த அந்தத் தூள்தான்
இப்போது தேய்ந்ததைப் பிடித்து வைத்திருக்கிறது.
புது எண்ணெய் கழுவிக்கொண்டு போனால்
நாளைக்கு ரிவர்ஸ் மட்டும் மிஞ்சலாம்.
மிஞ்சாமலும் விடலாம்.
இதை அடித்துச் சொல்ல எவனாலும் ஏலாது.

டோர்ச்சை உள்ளே விட்டேன்,
எக்சிலேட்டரிலிருந்து கியர்ப்பெட்டிக்கு
இறங்கும் கேபிளைத் தேடி.
நட்டு இரண்டு புரி கூடுதலாக இறுகியிருந்தது.
அதற்கு மேலே, அசையாமலிருக்க,
ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கட்டு.

மற்ற கராஜ்களில் கறுப்பு அல்லது வெள்ளை.
மஞ்சள், அக்கரைப்பற்றில் ஒரு கடையில்
நான் பை பையாக வாங்குவது.

நோன்புக்கு முந்திய மாதம்
நிந்தவூர் லாபிர் ஹாஜியார் வந்தார்.
விக்கிற வரைக்கும் ஓடினாக் காணும் தம்பி.
இரண்டு புரி. அமுக்கம் கூடும்,
தட்டுகள் பல்லைக் கடித்துக்கொள்ளும்,
நோய் ஒரு மாதம் முகம் காட்டாது.
அப்போது கார் வெள்ளை.
இப்போது சாம்பல் அடித்திருக்கிறார்கள்.
நம்பர் தகட்டை நான் பார்ப்பதில்லை,
சத்தத்தைத்தான் ஞாபகம் வைப்பேன்.
அந்தச் சத்தத்தையும் நானேதான் மாற்றியிருந்தேன்.

அன்று நான் பொய் சொல்லவில்லை.
என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

“என்ன கண்டீங்க?”

வங்கிக் கடன், அறுபது தவணை,
இரண்டு கட்டியாச்சு என்று
பாலத்தில் திரும்பும்போதே சொல்லியிருந்தார்.
குறடால் கட்டை வெட்டினேன்.
அது என் உள்ளங்கையில் சுருண்டது.
பெட்டியை இறக்க வேணும், தட்டு மாற்ற வேணும்,
அல்லது பழைய பெட்டி ஒன்று தேட வேணும்,
இது என்ர கட்டு, என்றேன்,
எல்லாவற்றையும் ஒரே மூச்சில்,
கடைசியானது மற்றவற்றுக்குள் ஒளியும் என்று பார்த்து.

ஒளியவில்லை.
மாத்திரை பிரிக்கும்போது பேசாதவர் போல
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.
“காய்ச்சல இறக்கிற மருந்து மாதிரி,” என்றார்.
“ஏன் காயுது எண்டு காட்டவிடாது.”
பிறகு:
“எவ்வளவு எடுத்தீங்க அதுக்கு?”

ஆயிரத்தைந்நூறு.

“அதக் கழிச்சிருங்க.”

ஜாக்கியில் நிற்கிறது கார்.
பில் கட்டையில் முதல் வரியாக
அந்தக் கழித்தலை எழுதிவிட்டு
எதிலிருந்து கழிப்பது என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.