பதினொன்றாம் கட்டில்

கோப்பில் இப்படி எழுதியிருந்தது:
"தன்னை பஸ் கண்டக்டர் என்று சொல்லிக்கொள்கிறார்."
அடியில் நீல மையில் ஒரு கோடு,
கோட்டின் முனையில் கேள்விக்குறி.

ஒன்பது மணிக்கு மாத்திரைத் தட்டோடு போனால்
கம்பியைப் பிடித்து நிற்பார்.
ஜன்னல் கம்பிதான். ஆனாலும்
கால்கள் அகன்று, முழங்கால் லேசாக மடங்கி,
தரை எந்நேரமும் திரும்பும் எனத் தெரிந்தவர் நிற்கிற நிலை.
"முந்தே ஹோகி, முந்தே ஹோகி,
படியில நிக்காதீங்க."
நானும் முன்னால் நகர்வேன்.

விசிலை முதல் நாளே வாங்கி வைத்துவிட்டோம்.
கயிறு இருந்தது அதில்.

"ஒத்துழைப்பு இல்லை" என்பதற்கு
ஒரு கட்டம் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள்.
மாத்திரை துப்பிய முதல் நாள் டிக் அடித்தேன்.
இரண்டாம் நாளும் அடித்தேன்.
முப்பத்திரண்டு பேருக்கு இரண்டு பேர் நாங்கள்,
அதில் ஒருத்தி விடுப்பு.

மூன்றாம் நாள் அவர் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.
அக்கறை என்று சொல்ல ஆசைதான்,
கால் வலி.
"உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"
மருந்து ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கும்வரை பதிலில்லை.
"வனஜாட்சி நீளம். டிப்போவுல வனஜா."
"எந்த டிப்போ?"

கேட்டபிறகுதான் உறைத்தது,
ஒன்பது நாளாக
யாரும் இதைக் கேட்கவில்லை.

ஸ்ரீராமபுரத்தில் வீடு.
மெஜஸ்டிக்கிலிருந்து நாலு ஐம்பதுக்கு முதல் வண்டி.
ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிவிட்டு
வெளியே பார்க்கிறவர்கள்.
"பொம்பளைங்களுக்கு இலவசம்தான் சிஸ்டர்,
ஆனா காசில்லாத டிக்கெட்டுக்கும் கணக்கு உண்டு,
ஒண்ணு குறைஞ்சா என் தலை."
தூக்கம் போய் ஆறாம் நாள்
டவுன் ஹால் சிக்னலில்
ஏறியவர் எல்லாருக்கும் ஒரே முகம்.
தோளில் பையோடு இறங்கி நடந்தாராம்,
வண்டி நடுரோட்டில்.

காலையில் தங்கைக்குப் போன் போட்டேன்.
அவள் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள்.
"பதினேழு வருஷ சர்வீஸ் மேடம்,
பேட்ஜ் நம்பர் சொல்லட்டுமா?"

ரவுண்ட்ஸில் அந்த வரியைக் காட்டினேன்.
சின்ன டாக்டர் காது சிவந்து பேனாவை எடுத்தார்.
அடித்த வரியை இன்னும் படிக்க முடிகிறது.
இருக்கட்டும்.

ஒரே முகம் நோய்தான். தூங்காத இரவுகளும்.
அவர் கண்டக்டர் என்பதை
நாங்கள்தான் அந்தப் பட்டியலில் சேர்த்தோம்.

அன்றிரவு, "கணக்கு முடிக்காம எப்படி சிஸ்டர்?"
பழைய காய்ச்சல் சார்ட்டின் பின்பக்கத்தில்
கோடு போட்டுக் கொடுத்தேன்.
இது கேட்பதா, கூடச் சேர்ந்து ஆடுவதா?
மேட்ரன் கேட்டால் சொல்ல
மனதுக்குள் இரண்டு பதில் வைத்திருந்தேன்,
இரண்டும் பாதிப் பொய்.

எழுதினார். எண்கள் கோட்டைத் தாண்டி ஓடின.
நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார்.
என்ஜின் பானட்டின்மேல் வைத்த சில்லறைபோல
விரல்கள் அதிர்ந்தன.
"இதுக்குத்தான் துப்புறேன்.
இந்தக் கையை வச்சு மிச்சம் எண்ணித் தருவேனா?
கூட்டத்துல கேப்பாங்க, குடிச்சிருக்கியான்னு."

சரியாகிவிடும் என்று நாக்கு நுனிவரை வந்தது.
"சத்தியம் பண்ண மாட்டேன் வனஜா.
அளவு குறைக்கலாம், வேற மாத்தலாம்.
டாக்டர்கிட்ட நீங்களே கையைக் காட்டுங்க,
நான் பக்கத்துல நிக்கிறேன்."

"இன்னிக்கு பாதி?"
"பாதி தர எனக்கு அதிகாரமில்ல."
"அப்ப நாளைக்கு."

கட்டத்தைக் காலியாக விட்டேன்.
ஓரத்து வெள்ளையில் எழுதினேன்:
கை நடுங்குகிறது. வேலைக்குத் திரும்ப வேண்டும் என்கிறார்.
மாத்திரையைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்.
ஃபிலோமினா, இரவுப் பணி.

விளக்கை அணைத்துத் திரும்பினேன்.
முதுகுக்குப் பின்னால் உதட்டைக் குவித்து ஒரு விசில்.

இரண்டு என்றால் போகலாம்.
ஒன்றுதான் கேட்டது.

தட்டோடு நின்றேன்.