இரும்பு ஆறும்வரை

பதினொரு கிலோ.
சந்தைக்குப் போகும் இழுவண்டியில் படுக்கவைத்து
மேலே ஒரு பழைய துண்டைப் போர்த்தி
தெம்பனிஸில் பேருந்து ஏறினேன்.
"யாரைக் கடத்திட்டுப் போற?" என்றாள் மாதங்கி,
மடியில் உப்புத் தடவிய ஆட்டு விலா.

சாங்கி கடற்கரையில் அடுப்பு பொதுவானது.
கம்பிவலையும் அதோடு உண்டு,
ஈர்க்குச்சி கனம்,
யாரோ சுட்ட கோழியின் தோல்
இன்னும் ஒட்டிக்கொண்டு.
அதில் வைத்தால் இறைச்சி சுடாது, வியர்க்கும்.
மருத்துவமனைச் சாப்பாட்டின் நிறத்தில்
வெந்து கிடக்கும்.

அதற்குத்தான் இந்த வார்ப்பிரும்பு.
வேறெந்த அடுப்புக்கோ வார்த்தது.
சுங்கை காடுட்டில் ஒருவர் கடையை மூடும்போது
பாதி விலைக்குத் தந்தார்,
அளவெடுக்காமல் வாங்கினேன்.
இரண்டு விரல் நீளம் அதிகம்.
கோணலாக வைத்தால் உட்காரும்;
ஒரு மூலை மட்டும்
கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும்.

ஷாருல் கரியை ஒரு பக்கமாகக் குவித்தான்.
கால் மணி நேரம்.
"வைக்கலாமா?"
இன்னும் இல்லை.
உள்ளங்கையை மேலே பிடித்து எண்ணு.
மூன்று சொல்ல முடிந்தால் சூடு போதாது.
பெக் ஹூன் ஐந்துவரை எண்ணினாள்;
துவாஸில் வெல்டிங் செய்கிறவள்,
அவள் கை கணக்கில் சேராது.

எண்ணெய் இரும்புக்கு இல்லை, இறைச்சிக்கு.
அதற்குமுன் ஈரம் போகத் துடைக்க வேண்டும்,
மழைக்குப் பின்
பேருந்து நிறுத்தத்து இருக்கையைத் துடைப்பதுபோல்,
சந்தேகத்தோடு, இரண்டு முறை.

முதல் துண்டை வைத்தேன்.
அது போட்ட சத்தத்தில்
பக்கத்து அடுப்பின் பிறந்தநாள் பாட்டு
ஒரு வரி தடுக்கியது.

அரை நிமிடம்கூட ஆகவில்லை,
புரட்டப் பார்த்தேன்.
விடவில்லை. இழுத்தேன்.
பாதி இரும்போடு, பாதி இடுக்கியோடு.
மாதங்கி ஒன்றும் சொல்லவில்லை.
அது நன்றாகவே கேட்டது.

இரண்டாவது துண்டுக்குக்
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்,
பள்ளி வரிசையில் நிற்கிறவனாட்டம்.
கொழுப்பு சொட்டி நெருப்பு எகிறியது.
நகரவில்லை.
விமானம் ஒன்று சக்கரங்களை நீட்டியபடி
தலைக்குமேல் தணிந்து போனது,
எல்லோரும் அண்ணாந்தோம்.
குனிந்து இடுக்கியால் தொட்டதும்
துண்டு தானாகவே எழுந்து வந்தது.

நான்கு கோடுகள்.
கருகல் இல்லை,
கோப்பி ஓவின் அடிமண்டி நிறம்.
ஷாருல் மென்றபடி கண்ணை மூடிக்கொண்டான்.
பெக் ஹூன் படம் எடுத்தாள், மூலை நீட்டியிருப்பதையும்.
மாதங்கி எலும்பைச் சப்பிவிட்டுச் சொன்னாள்:
"பிஞ்சு போச்சே, அதுதான் ருசி."

பதினொன்றரை.
எல்லோருக்கும் காலையில் வேலை, கிளம்பினார்கள்.
இரும்பு மட்டும் ஆறவில்லை.
தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.
கடைசிப் பேருந்து
எங்களைப் பார்க்காமலே போயிற்று.

கடலில் கப்பல்கள்
விளக்கேற்றி வரிசையில் நின்றன.
செருப்பைக் கழற்றிவிட்டு மாதங்கி சொன்னாள்,
தொழிற்சாலை ஜொகூருக்குப் போகிறதாம்.
கூடப் போகிறவர்கள் பட்டியலில்
அவள் பெயர் இல்லையாம்.
"எப்பத் தெரியும்?"
"போன மாசம்."

கேட்க இன்னும் நான்கைந்து இருந்தன.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
அலை வந்தது, போனது.
கரி ஒன்று
உள்ளுக்குள் சரிந்து உட்கார்ந்தது.
அப்புறம் அவளே ஆரம்பித்தாள்,
முதல் நாளிலிருந்து,
மேலாளர் கதவைச் சாத்திய விதத்திலிருந்து.

இரண்டு மணிக்கு டாக்சி.
வண்டியில் என்ன என்று கேட்டார் ஓட்டுநர்,
கரி வாசத்துக்குச் சன்னலை இறக்கியபடி.
"இரும்பு, அங்கிள்."
குளிர்பதனம் காலில் பட்டதோ என்னவோ,
மாதங்கி பாதங்களைத் துண்டின்மேல் வைத்தாள்.
இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.
வீடு வரும்வரை
எடுக்கவில்லை.