இதர

மண்டபம் கடைத்தெருவில் மூடிப்போன மருந்துக்கடையின்
பேரேடுகள் பதினொன்று.
ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
பூச்சி விழுந்தது, ஒரு பஸ் டிக்கெட் விழுந்தது,
தேடிய சொல் விழவில்லை.

இருமலுக்குப் பெயர் இருக்கிறது.
பேதிக்கு, பேனுக்கு, நாய்க்கடிக்கு.
ஆணுறைக்குக்கூட
சிவப்பு மையில் ஒரு முக்கோணம்.
பஞ்சுக்கட்டுக்கு மட்டும்
பக்கத்தின் அடியில், பென்சிலில்,
இதர 2
இதர 5

இறால் பெட்டிகளுக்கு நடுவே நின்று
கடைக்காரர் மகன் ஜகுபர் சொன்னார்:
"வாப்பா அதெ எழுத மாட்டாக.
பேப்பர்ல சுத்தி, சணல் போட்டுக் கட்டி,
பிஸ்கட்டும்பாக.
எங்க உம்மாவுக்கே பிஸ்கட்டாத்தான் போச்சு."
சிரித்தார். பிறகு ஐஸ் உடைக்கப் போய்விட்டார்.

ஏழாவது பேரேடு. தொண்ணூறு, ஆகஸ்ட்.
இதர 140
ஒரே நாளில்.
அந்த மாதம் படகில் வந்து இறங்கியவர்களுக்கு
முகாமில் என்னென்ன கொடுத்தார்கள் என்ற பட்டியலை
வேறொரு அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்:
அரிசி, பாய், மண்ணெண்ணெய், அலுமினியச் சட்டி.
இது இல்லை.
யார் வந்து நூற்று நாற்பது கேட்டது?
பெயர் இல்லை. ஓரத்தில்
'வரும்போது தரட்டும்' என்று மட்டும்.
வந்தாரா என்று அடுத்த நான்கு பேரேடுகளில் தேடினேன்.

சின்னப்பாலத்தில் நம்புக்கனி
வத்தத்துக்குக் காத்திருந்தார்.
ஆம்பளைச் சட்டை, அதன்மேல் இறுக்கிய சேலை,
பாறை கிழிக்காமல் உள்ளங்காலில் ரப்பர்.
பத்து விரலுக்கும் துணி சுற்றிக்கொண்டே
என் கேள்வித்தாளுக்குப் பதில்.

கேள்வி ஒன்பது:
துணியிலிருந்து நாப்கினுக்கு எந்த ஆண்டு மாறினீர்கள்?

"கரையில மாறிட்டேன்.
கடல்ல மாறல."

அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

"ஒருதடவ வச்சுக்கிட்டு இறங்குனேன்.
அது என்னைய விட்டுட்டுக் கடலக் குடிச்சுச்சு.
சொறி மாதிரி ஊதிப்போயி
முங்க விடமாட்டேங்குது.
அவுத்து விட்டேன்.
எந்தத் தீவுல ஒதுங்குச்சோ."
பக்கத்தில் முனியாயி சிரித்த சிரிப்பில்
தூக்குவாளி கவிழ்ந்து
நீராகாரம் மணலில் போனது.

"விரலுக்குக் கிழிச்ச சேலையில மிச்சம் அதுக்கு.
அதுக்குக் கிழிச்சதுல மிச்சம் விரலுக்கு.
காயப்போட்டா எது எதுன்னு
உங்க படிப்புக்குத் தெரியாது."

அந்த நாளில் வலையைத் தாண்டக் கூடாது,
வள்ளத்தில் கை வைக்கக் கூடாது என்றார்கள்.
அப்போ கடல்?
"கடலு கேக்கல.
பாசி ஏவாரியும் கேக்கல."

கரையேறிப் பாசி உலர்த்தும் மூன்று மணி நேரம்
ஈரத்துணி உப்பாகித் தொடையில் காய்வதை
சிரிக்காமல் சொன்னார்.
ஆஸ்பத்திரிச் சீட்டை உறையிலிருந்து எடுத்துக் காட்டினார்.
'தோல் அரிப்பு', தேதி, களிம்பு.
அதே இடம், அதே களிம்பு, ஆறு சீட்டு.

பழைய துண்டு ஒன்று கிடைக்குமா,
ஆய்வுக்கு, பத்திரமாக வைப்போம் என்றேன்.
"பழசா? அத யாரு வச்சிருப்பா.
மாசாமாசம் மண்ணுக்குள்ள போறது."
நீர் வற்றத் தொடங்கியிருந்தது.
எழுந்தவர் என்ன நினைத்தாரோ
சுண்டுவிரலில் சுற்றியதை அவிழ்த்துத் தந்தார்.
மரிக்கொழுந்துப் பாசியின் கறை. ஒரு சேலைக் கரையின் மிச்சம்.
உறையில் போட்டு இடம் எழுதினேன், தேதி எழுதினேன்.
'பயன்' என்ற கோட்டின் மேல்
பேனா நின்றுவிட்டது.

திரும்பும் வழியில் உச்சிப்புளியில்
ஐந்து நாள் முன்னதாகவே வந்துவிட்டது எனக்கு.
கடைப்பையன் செய்தித்தாளில் சுற்றி
கறுப்புப் பையில் போட்டு
என் முகம் பாராமல் நீட்டினான்.
நானும் பாராமல் வாங்கினேன்.

இரவு விடுதியில் பயணச் செலவுப் படிவம்.
பஸ் 38
டீ 24
நகலெடுக்க 64
இதர 45

கையெழுத்திட்டு
மடித்தும்விட்டேன்.