எண்ணக்கூடாதவை

செவ்வாய் இரவு, வினிப்பெக்கில்
ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறை.
பனி உருகும் சப்பாத்துகள் வாசலில்.
மிஸ் ஃபிரீசன், என்னைவிடப் பத்து வயது இளையவள்,
வெண்பலகையை இரண்டாகப் பிரித்தாள்:
எண்ணக்கூடிய பெயர்கள். எண்ணக்கூடாத பெயர்கள்.

கதிரையை எண்ணலாம்.
கதிரையும் மேசையும் சேர்ந்து தளபாடமாகிவிட்டால்
எண்ணக்கூடாது.
சோறு கூடாது. சரி, அதை யார் எண்ணினார்கள்?
தலைமயிர் கூடாது.
குளித்து முடித்ததும் நான் எண்ணியிருக்கிறேன்.
பணம் கூடாது என்றாள்.
வகுப்பே சிரித்தது, டெஸ்ஃபாய் தவிர.
அன்றுதான் அவன் அஸ்மாராவுக்கு
அனுப்பிவிட்டு வந்திருந்தான்.

கோழி?
கையை உயர்த்திக் கேட்டேன்.
எட்டு மணிநேரம் அதன் முன் நிற்பவள் நான்.
உயிரோடிருந்தால் எண்ணலாம், என்றாள்.
ஒரு கோழி, இரண்டு கோழிகள்.
இறைச்சியாகிவிட்டால் முடியாது.
அப்படியென்றால்
கொக்கியில் தலைகீழாய் வருகிற அது
எந்த இடத்தில் வகுப்பு மாறுகிறது?
கத்திக்கு முன்பா, பின்பா?
எங்கள் சுவரிலுள்ள சிவப்பு எண்ணுக்கு
இந்த வித்தியாசம் தெரியாது.
நிமிடத்துக்கு முப்பத்தெட்டு.

அடுத்த கிழமை சிறப்புப்பெயர்.
பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும்.
திங்களுக்குப் பெரிய எழுத்து உண்டு,
ஆறு மாதம் எங்களை ஆளும் குளிர்காலத்துக்கு இல்லை.
நான் படித்த நெடுங்கணக்கில்
ராசாவுக்கும் ராத்தல் பாணுக்கும்
ஒரே ரா.
என் பெயர் தவயோகமலர்.
தொழிற்சாலை அட்டையில் இடம் எட்டு எழுத்துக்கு,
அதில் நான் தவயோக்.
மேற்பார்வையாளர் யோகா என்பார்,
குனிந்தால் நிமிர முடியாத என்னை.

கூட்டப்பெயர் பாடத்தன்று நான் போகவில்லை.
அன்று மதியம் மரிசெலின் கையுறையோடு
சுட்டுவிரலின் நுனியும் போயிற்று.
பட்டி நான்கு நிமிடம் நின்றது.
பிறகு ஒலிபெருக்கி சொன்னது:
அணி வேலைக்குத் திரும்பிவிட்டது.
நாற்பது பேர். ஒருமை.

மருத்துவமனையில் தாதி கேட்டாள்,
வலி எத்தனை? ஒன்றிலிருந்து பத்துக்குள்.
வலி எண்ணக்கூடாத பெயர் என்று
எனக்குப் போன மாதம்தான் சொல்லித்தந்தார்கள்.
மரிசெல் கூரையைப் பார்த்தபடி
ஏழு என்றாள்,
கடையில் விலை பேசுவதுபோல.

சாட்சிப் படிவம் என்னிடம் வந்தது.
வகுப்புக்குக் கொண்டுபோய்க் கேட்டேன்:
விரல் எந்த வகை?
பொதுப்பெயர். எண்ணக்கூடியது.
அவ்வளவுதானா?
எங்களுக்கு ஆறு வகை, என்றேன்.
பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில்.
சினை என்றால்?
கிளை, வால், காது, விரல்.
தனியாக இருக்கக்கூடாதது,
முழுசாய் ஒன்று அதற்கு எங்கேயோ இருக்கவேண்டும்.
மிஸ் ஃபிரீசன் பலகையைப் பார்த்தாள்.
இரண்டு பக்கமும் இடம் இருந்தது.
மூடி கழற்றிய பேனா
கையிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

அவள் முன்னாலேயே எழுதினேன்.
மரிசெலுக்குப் பெரிய எழுத்து.
வியாழனுக்குப் பெரிய எழுத்து.
சுட்டுக்கும் விரலுக்கும் பெரிய எழுத்து.
இது பிழை, என்றாள் மெதுவாக.
தெரியும், என்றேன்.
உறையை நக்கி ஒட்டினேன்.